நடுராத்திரியில் குப்பென்று வேர்ப்பது ஏன்?

என் அக்காவுக்கு 46 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஒரு வெக்கை ஏறுமாம். முகம் தகிக்கும், நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தால், கொஞ்ச நேரத்தில் குளிரெடுத்துப் போர்வையைத் தேடுவாள். "உடம்புச் சூடு, மோர் குடி" என்றார்கள் வீட்டில். ஆனால் அவள் உடம்பில் அப்படியொன்றும் சூடு ஏறியிருக்கவில்லை. பிசகியது மூளை போடும் கணக்கு. மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் பல பெண்களுக்கு வரும் தகிப்பு இது.

உடல் வெப்பத்தைக் கண்காணிப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ். வெப்பம் லேசாகக் கூடினாலோ குறைந்தாலோ அது பொறுத்துக்கொள்ளும். வரம்பைத் தாண்டினால்தான் வேர்க்க வைக்கும், அல்லது நடுங்க வைக்கும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மேன் இந்த வரம்பை அளந்தார். தொல்லை இல்லாத பெண்களுக்கு அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். தகிப்பு வரும் பெண்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்! அப்புறம் ஒரு டம்ளர் சூடான காப்பியே போதும், மூளை பதறிவிடும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது. இருந்த சூடும் வெளியேறிவிடுவதால்தான் அடுத்து அந்த நடுக்கம்.

வரம்பு ஏன் சுருங்குகிறது? நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் ஹைப்போதாலமஸில் உண்டு. அவற்றை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் இந்த அணுக்கள் பருத்திருப்பதை அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர் நவோமி ரான்ஸ் கண்டார். ஈஸ்ட்ரோஜன் குறைந்து கட்டு தளர்ந்ததும் அவை வெப்பத்தைக் கவனிக்கும் பகுதியை ஓயாமல் சீண்டுகின்றன. அந்தச் சீண்டலைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது ஹார்மோன் இல்லை. ஆனால் கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராக இறங்குவதும் இல்லை, ஏறி ஏறி இறங்கும். மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும்போதே தகிப்பு தொடங்கிவிடுவதால் பலர் தகிப்பையும் மாதவிலக்கு நிற்கப்போவதையும் இணைத்துப் பார்ப்பதில்லை. அக்கா சர்க்கரை நோய் என்றே பயந்தாள். தூக்கம் கெட்டதால் வந்த மறதியையும் எரிச்சலையும் எல்லோரும் அவள் குணமாக்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அடிக்கடி தகிப்பு வந்த பெண்களில் பாதிப்பேருக்கு அது ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற காலமா அது? ஹார்மோன் சிகிச்சைதான் இன்றும் அதிகம் பலன் தருவது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அது கூடாது. மற்றவர்கள் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். இன்னொன்று, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்தபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்டிவிட வேண்டும்.