தடய ஆய்வகத்தில் ஒரு குப்பி ஏன் காத்திருக்கிறது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கைப்பற்றப்பட்ட சாராயத்தில் மெத்தனால் இருப்பதை ஆய்வகம் உடனடியாக உறுதிசெய்தது. அதே ஆய்வகங்களில், அதே கருவியில், அதே வேதியியலாளர் செய்யும் அதே சோதனை, சாதாரண நாளில் வரும் ஒரு தனி மரண வழக்குக்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகிறது. சோதனை மாறவில்லை; அதற்கு முன்னால் நிற்கும் வரிசைதான் மாறியிருக்கிறது. தடய ஆய்வகங்களில் மேலாண்மைத் தொழில்நுட்பம் என்று சொல்லப்படுவது, பெரும்பாலும், அந்த வரிசையைக் கண்ணுக்குத் தெரிய வைத்துக் குறைக்கும் கலையே.

கடலூரில் பிரேதப் பரிசோதனை முடிந்து, பண்ருட்டி வழியாக விழுப்புரத்திலுள்ள மண்டலத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு ஒரு காவலர் மாதிரிகளைக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகன்ற வாய்ப் பாட்டில்களில், செறிவான உப்புக் கரைசலில், வயிறும் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கும். சிறு குப்பியில், சோடியம் ஃப்ளோரைடு சேர்த்த ரத்தம் இருக்கும். இந்த ஃப்ளோரைடு இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் ரத்தத்திலேயே, மதுவில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலை உருவாக்கிவிடவோ, இருப்பதை அழித்துவிடவோ கூடும். ஒவ்வொன்றின் வாயிலும் அரக்கு முத்திரை.

இந்த ரத்தத்தில் ஒரு சிறு அளவை மூடிய குப்பியில் இட்டுச் சூடாக்கினால், மெத்தனாலும் எத்தனாலும் ஆவியாகி குப்பியின் மேற்பகுதியில் உள்ள காலி இடத்தில் சேரும். அந்த ஆவியை உறிஞ்சி வாயு நிறப்பிரிகைக் கருவியின் நீண்ட மெல்லிய குழாய்க்குள் செலுத்தினால், இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள் போதும். அப்படியானால் மீதி நாள்கள் எங்கே போயின? பதிவேட்டில் ஏறுவதற்கும், அலமாரியில் இடம் கிடைப்பதற்கும், கருவி காலியாவதற்கும், அறிக்கையை இரண்டாவது அலுவலர் சரிபார்ப்பதற்கும், கையெழுத்துக்கும் போயின.

1961இல் ஜான் லிட்டில் நிறுவிய ஓர் எளிய விதி இதை அளக்க உதவுகிறது. நிலுவையில் உள்ள மாதிரிகளின் எண்ணிக்கையை, நாளொன்றுக்கு வந்துசேரும் மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், வரவும் வெளியேற்றமும் நெடுநாளைக்குச் சமமாக இருக்கும்வரை, ஒரு மாதிரி உள்ளே தங்கும் சராசரிக் காலம் கிடைக்கும். நாளுக்கு 20 வருகின்றன, 600 நிலுவையில் இருக்கின்றன என்றால், சராசரியாக 30 நாள்.

இதைவிட முக்கியமானது, எனக்குத் தெரிந்து நிர்வாகிகள் பலரும் நம்பத் தயங்குவது, வரிசைக் கோட்பாட்டின் இன்னொரு முடிவு. ஒற்றைக் கருவிக்கு மாதிரிகள் ஒழுங்கின்றி வந்துகொண்டிருக்க, சோதனை நேரமும் ஒழுங்கின்றி மாறும் எளிய கணக்கில், அந்தக் கருவி தன் நேரத்தில் 80 விழுக்காடு வேலை செய்தால், ஒரு மாதிரி வரிசையில் நிற்கும் சராசரிக் காலம் சோதனை நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 விழுக்காட்டில் அது 9 மடங்கு. 95 விழுக்காட்டில் 19 மடங்கு. கருவி ஒரு நொடிகூட ஓய்ந்திருக்கக் கூடாது என்ற சிக்கன எண்ணமே நிலுவையை வளர்த்துவிடுகிறது.

ஆய்வகத் தகவல் மேலாண்மை அமைப்பு என்ற மென்பொருள் இங்கேதான் பயன்படுகிறது. பாட்டில் வரவுப் பிரிவுக்கு வந்ததும், முத்திரையைக் கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரையுடன் ஒப்பிட்டபின், ஒரு பார்கோடு ஒட்டப்படுகிறது. உப்புக் கரைசல் வழிந்த கண்ணாடியில் சாதாரணக் காகிதம் ஊறி உரிந்துவிடும் என்பதால், ஈரத்தையும் உறைபெட்டியின் குளிரையும் தாங்கும் ஒட்டுத்தாள் வேண்டும். இந்தச் சிறு செலவில் கஞ்சத்தனம் காட்டினால் பல லட்ச ரூபாய் மென்பொருளும் வீண். அதன்பின் பாட்டில் கைமாறும்போதெல்லாம் வருடி (ஸ்கேனர்) பார்கோடைப் படிக்க, யார், எப்போது, எங்கே என்பது தானாகப் பதிவாகிறது. குற்ற எண்ணைக் கையால் மறுபடி மறுபடி எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவது நேராது. கருவி தரும் முடிவும் நேரே அந்த எண்ணோடு போய்ச் சேர்கிறது. ஒரு பதிவைத் திருத்தினால் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்தியவர், காரணம் நான்கும் அழியாமல் நிற்கும். குறுக்கு விசாரணையில் இந்த ரத்தம் இறந்தவருடையதுதானா என்று வழக்கறிஞர் கேட்கும்போது, பதில் நினைவை நம்பியிராது.

ஒவ்வொரு படிக்கும் நேரமுத்திரை இருப்பதால், நெரிசல் எங்கே என்பதும் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலக் காவல் ஆய்வகம் வீண் காத்திருப்பையும் பிழைகளையும் குறைக்கும் லீன் சிக்ஸ் சிக்மா என்ற மேலாண்மை முறையில் தன் டிஎன்ஏ பிரிவின் பணி ஓட்டத்தைச் சீரமைத்தபோது, சராசரிக் காலம் 2008இல் 291 நாளாக இருந்தது 2011இல் 31 நாளாகக் குறைந்தது.

டிஎன்ஏ பிரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே 96 குழிகள் கொண்ட தட்டில் மாதிரிகளைச் சேர்த்து ஓட்டுவது வழக்கம். தட்டு நிரம்பட்டும் என்று காத்திருந்தால் வேதிப்பொருள் மிச்சம், நாள்கள் நட்டம். பாதித் தட்டிலேயே ஓட்டினால் நேர்மாறு. வரவின் வேகத்தைக் கணக்கிட்டு இன்று ஓட்டலாமா, நாளையா என்று மென்பொருள் பரிந்துரைக்கலாம். முடிவெடுப்பது ஆய்வாளராகவே இருக்க வேண்டும்.

எதை முதலில் எடுப்பது என்பது அறம் சார்ந்த கேள்வியும்கூட. நாட்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி 60 அல்லது 90 நாளுக்குள் காவல்துறையின் புலன்விசாரணை முடியாவிட்டால் கைதானவர் பிணை பெறும் உரிமை அடைகிறார். போதைப்பொருள் தொடர்பான 2022ஆம் ஆண்டு விதிகள், ஆய்வகம் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கின்றன. ஆகவே வந்த வரிசை மட்டுமின்றி, கெடுநாள், கெட்டுப்போகும் தன்மை, சிறையில் இருப்பவர் உண்டா என்பவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்துவதே நியாயம். மாத இறுதியில் எத்தனை அறிக்கை என்று மட்டும் எண்ணினால், எளிய சாராய மாதிரிகள் முந்திக்கொள்ளும். கடினமான நச்சு வழக்குகள் அடியில் தங்கிவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்வதைக் கட்டாயமாக்கி, அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. வல்லுநர் போகும் இடத்திலிருந்தெல்லாம் மாதிரிகள் வரும். கருவிகளை மட்டும் வாங்கிக் குவித்து, சரிபார்த்துக் கையெழுத்திடும் அலுவலர்களைக் கூட்டாவிட்டால், வரிசை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அறிக்கை கையெழுத்தானபின் இ-ஃபாரன்சிக்ஸ் தளம் வழியே அது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ச் சேர முடியும். ஆனால் மீந்த பாட்டில்கள் அலமாரியிலேயே இருக்கும். எந்த அலமாரியில் எந்த நிலையத்தின் பாட்டில் எத்தனை நாளாக நிற்கிறது என்பதை அமைப்பு அறிந்திருப்பதால், நிலையத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. அடுத்த வழக்கின் மாதிரிகளோடு கடலூரிலிருந்து வரும் காவலர், திரும்பும்போது பழையவற்றை எடுத்துச் செல்கிறார்.