தலைப்பு வரிக்குள் வருமா? சிஎஸ்எஸ்ஸும் காசிமேட்டு மீன் பட்டியலும்

காசிமேட்டு மீன்களைப் பற்றி ஒரு இணையப் பக்கம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடைசியில் தடைக்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எச்3 தலைப்பு (எச்டிஎம்எல்லில் மூன்றாம் நிலைத் தலைப்புக்கான குறி), அதன் கீழே கொஞ்சம் விவரம். தடைக்காலத்துக்கு என்ன எழுதப் போகிறீர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குத் தனியாக ஒரு தலைப்பு, அதற்கு மேலும் கீழும் இடைவெளி என்று போனால், தண்டையார்பேட்டையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனில் பார்ப்பவருக்குத் திரையில் ரெண்டு மூணு மீன் தெரிந்தாலே பெரிசு. தடித்த எழுத்தில் தலைப்பு, அதே வரியில் விவரம் என்று அகராதி பாணியில் ஓடவிட்டால் நிறைய இடம் மிச்சம்.

சரி, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் தலைப்புக்கு 'டிஸ்ப்ளே: இன்லைன்', அதாவது வரியோடு வரியாக ஓடு, என்று எழுதினால் போதாதா? போதாது. நிறைய பேர் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் சிக்கல் தலைப்பில் இல்லை, பின்னால் நிற்கிற பத்தியில் இருக்கிறது. எச்3, பத்திக்கான பி இரண்டையுமே பிரவுசர் பிளாக் என்றுதான் வைத்திருக்கிறது. பிளாக் என்பது ஷேர் ஆட்டோவில் மொத்த சீட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு ஒண்டியாகப் போகிற ஆள். எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பக்கத்தில் யாரையும் உட்கார விடமாட்டார். தலைப்பை மட்டும் இன்லைன் ஆக்கினால், பிரவுசர் அதைச் சுற்றிப் பெயரில்லாத ஒரு பிளாக் பெட்டியைத் தானே போட்டு, பத்தியை வழக்கம்போல அடுத்த வரிக்குத் தள்ளிவிடும்.

ஆக, தலைப்பை ஒட்டி வரும் முதல் பத்தியையும் இன்லைன் ஆக்க வேண்டும். அப்புறம் இன்லைனுக்கு மேல், கீழ் மார்ஜின் (வெளிப்புற இடைவெளி) எடுபடாது என்பதால் மீனுக்கு மீன் இடைவெளி காணாமல் போகும். தலைப்பையும் பத்தியையும் சேர்த்து, உறை மாதிரி ஒரு செக்‌ஷனுக்குள் போட்டு, மார்ஜினை அதற்குக் கொடுங்கள்.

இன்னொரு வழி, தலைப்பை 'ஃப்ளோட்: லெஃப்ட்' செய்வது, அதாவது இடப்பக்கம் ஒதுக்கிவிடுவது. பத்தியைத் தொடவே வேண்டாம், எழுத்து தானாகத் தலைப்பை ஒட்டி ஓடும். ஆனால் தலைப்பின் எழுத்து பெரிதாக இருந்தால் இரண்டும் ஒரே கோட்டில் உட்காராது, தலைப்பு நீளமானால் சின்னத் திரையில் மறுபடி தனி வரிக்கே போய்விடும். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

இதற்கென்றே டிஸ்ப்ளேவுக்கு 'ரன்-இன்' என்று ஒரு மதிப்பு 1998-இல் வந்த சிஎஸ்எஸ்2-இலேயே இருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் சேர்க்கவே இல்லை, குரோம் கொஞ்ச காலம் வைத்திருந்து தூக்கிவிட்டது. அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

எதுக்கு இவ்வளவு பாடு, பத்திக்குள்ளேயே எச்3-ஐப் போட்டுவிடலாமே என்றால், எச்3-ஐப் பார்த்ததும் பிரவுசர் பத்தியை அங்கேயே மூடிவிடும். எச்3-க்குப் பதில் எழுத்தைத் தடிமனாக்கும் ஸ்ட்ராங் குறியைப் போட்டால் கண்ணுக்கு அதே தோற்றம்தான், ஆனால் ஸ்கிரீன் ரீடர் (திரையைப் படித்துச் சொல்லும் கருவி) வைத்திருப்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவி நேராக நெத்திலிக்குப் போக முடியாது. எச்3-ஐ இன்லைன் ஆக்கினாலும் அது தலைப்பாகவே இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். தலைப்புக்கும் பத்திக்கும் நடுவே எச்டிஎம்எல் நிரலில் இருக்கிற வரி முறிவுதான் திரையில் இடைவெளியாகத் தெரிகிறது. நிரலைச் சுருக்குகிற கருவி ஏதாவது அதை விழுங்கிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இன்லைனுக்குப் பக்கவாட்டு மார்ஜின் எடுபடும், தலைப்பின் வலப்பக்கம் அரை எம் (எழுத்தின் அளவில் பாதி) கொடுத்துவிடுங்கள்.