உள்ளே இருக்கும் வேகத்துக்குத் தனிக் காசு

1991-இல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற மலிவு விலைக் கணினிச் சிப்பை விற்பனைக்கு விட்டது. தொடக்கத்தில் வந்தவை விலை கூடிய முழு 486டிஎக்ஸ் சிப்புகளேதான். தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் பகுதியை மட்டும் முடக்கியிருந்தார்கள். அது வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் என்ற துணைச் சிப்பை வாங்கி, காலியாக இருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும். பேருக்குத்தான் துணை. உண்மையில் அதுவும் ஒரு முழு 486டிஎக்ஸ்! செருகியதும் பழைய சிப்பை அணைத்துவிட்டு மொத்த வேலையையும் தானே பார்க்கும்.

இப்படி முடக்குவதை எல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஒரே சிலிக்கன் தட்டில் உருவாகும் சிப்புகளில் சிலவற்றில் ஒரு கோர், அதாவது கணக்குப் போடும் மையங்களில் ஒன்று, பழுதாக இருக்கும். அதை அணைத்துவிட்டு விலையைக் குறைத்து விற்பது நியாயம்தான். ஆனால் மலிவுச் சிப்புக்குக் கிராக்கி கூடினால் பழுதானவை மட்டும் போதாது. நல்லதையும் அணைத்து அனுப்புவார்கள். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃபெனோம் 2 எக்ஸ்2 என்ற இரண்டு கோர் சிப்பை வாங்கிய சிலர் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) ஓர் அமைப்பை மாற்றி, மறைந்திருந்த இரண்டு கோர்களை எழுப்பிப் பார்த்தார்கள். சிலருக்கு நாலும் ஓடின. சிலருக்குக் கணினியே ஹேங் ஆகி நின்றது.

சரி, எப்படி அணைக்கிறார்கள்? சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஃபியூஸ்கள் உண்டு. தொழிற்சாலையில் கூடுதல் மின்னோட்டம் பாய்ச்சி, வேண்டியதை மட்டும் எரித்துவிடுவார்கள். கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் சிப் அவற்றைப் படித்து, எந்தப் பகுதி இயங்கலாம் என்று முடிவு செய்யும். எரிந்தது எரிந்ததுதான், திரும்ப ஒட்டாது.

பிற்பாடு காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட நினைப்பவருக்கு இது உதவாது. அதனால் 2010-இல் இன்டெல் வேறு வழியில் போனது. பென்டியம் ஜி6951 சிப்புக்கு 50 டாலருக்கு ஓர் அட்டை. அதிலுள்ள குறியீட்டை மென்பொருளில் உள்ளிட்டால் ஒரு கோரை இரண்டு போல வேலை செய்ய வைக்கும் ஹைப்பர் த்ரெடிங்கும், அடிக்கடி தேவைப்படும் தரவைச் சிப்புக்குள்ளேயே வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தில் கூடுதல் பகுதியும் திறக்கும். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது; அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

2023-இல் அதே யோசனை சர்வர் சிப்புகளில் 'இன்டெல் ஆன் டிமாண்ட்' என்று திரும்பி வந்தது. இம்முறை டிஜிட்டல் கையொப்பமிட்ட உரிமக் கோப்பு. ஒவ்வொரு சிப்புக்கும் தனி அடையாளம் இருக்கிறது. அந்த ஒரு சிப்புக்கென்றே நிறுவனம் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுத் தரும். சிப் அதைச் சரிபார்த்து, தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இயக்கினால், குறியாக்கம், தரவைச் சுருக்குதல் போன்ற வேலைகளை வேகமாக முடிக்கும் முடுக்கிகள் என்ற தனிப் பகுதிகள் கிடைக்கும். ஒன்றின் கோப்பை இன்னொன்றில் போட்டால் பலிக்காது.

பெரிய நிறுவனங்களுக்கான ராட்சதக் கணினியான ஐபிஎம் மெயின்ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. பெட்டிக்குள் கூடுதல் கோர்கள் சேர்ந்தே வந்து இறங்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி நாட்களில் மட்டும் திறந்து, நாள் கணக்கில் கட்டணம் கட்டலாம். இதில் எனக்குப் புகார் இல்லை. ஓடும் கோர் பழுதானால், திறக்காமல் கிடப்பதில் ஒன்று தானாக அதன் இடத்துக்கு வந்துவிடும். வீட்டுக் கணினியில் பூட்டிக் கிடக்கும் கேஷ் அப்படி எதற்கும் உதவுவதில்லை.