ஓரேச்சர்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்றது?

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோவோட கட்டுரைகள படிக்கிறவங்க எப்படியும் ‘ஓரேச்சர்’ங்கிற வார்த்தைகிட்ட வந்து நிப்பாங்க. பாட்டு, கதை, விடுகதை, பழமொழி, கூத்துன்னு வாயால சொல்லி காதால கேட்டு வளர்ந்த கலை மொத்தத்துக்கும் அதுதான் பேரு. கூகி எழுத்து வழியாத்தான் இது நிறைய பேருக்கு தெரிய வந்துச்சு, ஆனா உண்டாக்கினவர் உகாண்டாவோட மொழியியல் அறிஞர் பியோ சிரிமு, 1960கள்ல. அந்தப் பெருமை சிரிமுவுக்குத்தான்னு கூகியே எழுதியிருக்கார்.

அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல ‘ஓரல் லிட்டரேச்சர்’னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. லிட்டரேச்சர் வந்தது எழுத்தைக் குறிக்கிற ‘லிட்டெரா’ங்கிற லத்தீன் சொல்லுலேர்ந்து, அப்போ ஓரல் லிட்டரேச்சர்னா வாயால சொல்ற எழுத்துன்னு ஆகுது, அதுலயே ஒரு முரண்பாடு இருக்கு, அதோட எழுதினதுதான் அசல், சொன்னதெல்லாம் அதுக்கு ஒரு படி கீழங்கிற நெனப்பும் உள்ள ஒட்டிக்கிட்டு வருது. சிரிமு ரெண்டு சொல்லையும் சேர்த்து ஒண்ணாக்கி, லிட்டரேச்சருக்குப் பக்கத்துல சமமா நிக்க வச்சுட்டார்.

கூகிக்கு இது வெறும் வகுப்பறை வார்த்தை இல்ல. 1938ல லிமுரு பக்கம் காமிரீத்துல பிறந்தவர், ராத்திரி அடுப்பைச் சுத்தி உக்காந்து கிக்கூயு மொழியில கதை கேட்டு வளர்ந்தவர், ஆனா ஸ்கூல்ல அதே மொழியில பேசினா பிரம்படி. 1968ல நைரோபி பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் துறையையே எடுத்துட்டு ஆப்பிரிக்க இலக்கியத்த நடுவுல வைக்கணும்னு ஹென்றி ஓவூர் அன்யும்பா, டாபன் லோ லியாங் ரெண்டு பேரோட சேர்ந்து கேட்டார், அந்தக் கோரிக்கையில வாய்மொழி மரபுக்குப் பெரிய இடம் இருந்துச்சு. 1977ல காமிரீத்து ஊர்க்காரங்க, விவசாயிங்க, தொழிலாளிங்களோட சேர்ந்து கிக்கூயுல நாடகம் போட்டார், அரசாங்கம் தடை பண்ணுச்சு, அந்த வருசக் கடைசியில அவரையும் பிடிச்சு விசாரணையே இல்லாம கமிட்டி சிறையில போட்டாங்க. அங்கதான் டாய்லெட் பேப்பர்ல ஒரு நாவல எழுதினார், தமிழ்ல ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’னு வந்திருக்கு. அதுல கதை சொல்றவரே ஒரு கிச்சாண்டி பாடகர், அதாவது கிக்கூயு வாய்மொழி மரபுல வர்ற கலைஞர். இன்னும் எனக்குப் பெரிசா படுறது அந்தப் புத்தகம் 1980ல வெளிவந்த பிறகு நடந்தது: வீட்டுல ஒருத்தர் படிக்க குடும்பமே கேட்டுச்சு, வேலை செய்ற இடத்துல மதிய இடைவேளைல படிச்சாங்க, பார்ல கூட சத்தமா வாசிச்சாங்க. எழுதின நாவல் மறுபடி வாய்க்கே போயிடுச்சு, ஓரேச்சருக்கு இத விட நல்ல விளக்கம் எனக்குத் தெரியல.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நாட்டுப்புற இலக்கியம்’னு போட்டா கிராமம்ங்கிற அர்த்தம் தானா ஏறிடும், சிரிமு சொன்னதுல கிராமமும் இல்ல நகரமும் இல்ல. ‘வாய்மொழி வழக்காறு’ ஆய்வாளர்களுக்குப் பழகின நல்ல சொல்தான், ஆனா வழக்கம், சடங்கு, நம்பிக்கைன்னு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறதுல இது கலைங்கிற அழுத்தம் கரைஞ்சிடுது.

என் ஓட்டு ‘வாய்மொழி இலக்கியம்’ங்கிறதுக்கே. இது ஓரல் லிட்டரேச்சரோட அச்சு அசல் தானே, சிரிமு வேணாம்னு தள்ளினது தானேன்னு சில பேர் கேப்பாங்க. இல்லங்க. இலக்கியம்ங்கிற சொல்ல சில பேர் சமஸ்கிருத லட்சியத்தோட சேர்ப்பாங்க, சில பேர் தமிழ் இலக்கோட சேர்ப்பாங்க, எந்தப் பக்கம் போனாலும் அதுக்குள்ள எழுத்து கிடையாது, அதனால இங்கிலீஷ்ல இருந்த முரண்பாடு தமிழ்ல வரவே இல்ல. தொல்காப்பியம் செய்யுளியல்ல ‘பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே’ன்னு ஆரம்பிச்சு அங்கதம், முதுசொல்னு ஏழு சொல்வார், அதுல பிசின்னா விடுகதை, முதுசொல்னா பழமொழி, ரெண்டும் பாட்டோடயும் நூலோடயும் ஒரே வரிசையில உக்காந்திருக்கு. அங்க வர்ற வாய்மொழிக்கு உரைக்காரங்க மந்திரம்னு பொருள் சொல்றாங்க, அதனால வெறும் ‘வாய்மொழி’ன்னு மட்டும் ஓரேச்சருக்குப் போட்டா குழப்பம்தான், பின்னாடி இலக்கியம் கட்டாயம் சேரணும்.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள், ஓரேச்சரும் லிட்டரேச்சரும் பக்கத்துல பக்கத்துல வர்ற வரியில ஒண்ண ‘வாய்மொழி இலக்கியம்’னும் இன்னொண்ண வெறும் ‘இலக்கியம்’னும் போடாதீங்க, அதையும் ‘எழுத்து இலக்கியம்’னே போடுங்க.