சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது என்றால் போதாது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைக் கவனித்திருப்பீர்கள். நீளக் கோடு புடைத்த கல் ‘இப்படியே நட’ என்கிறது. புள்ளி புடைத்த கல் ‘நின்று கவனி’ என்கிறது. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. வெள்ளைக்கோல் தட்டும் ஓசை இங்கே புதிதல்ல. இந்தக் கற்கள், சாய்தளங்கள் போன்றவற்றுக்கு இலக்கணம் சொல்வது எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை.

தரநிலை இறுதியாகுமுன் அதன் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வருகிறது. உலக வணிக அமைப்பின் நன்னடத்தை விதி இதற்குக் குறைந்தது 60 நாள் கேட்கிறது. நாள் போதும். கருத்தைச் சொல்லும் விதத்தில்தான் பலரும் தோற்கிறார்கள்.

உலகத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் கருத்துப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் அட்டவணை. எந்தப் பிரிவு, எந்த வரி, கருத்து பொதுவானதா, தொழில்நுட்பமா, மொழித் திருத்தமா, என்ன குறை, அதற்கு மாற்றாக என்ன எழுதலாம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். கடைசிக் கட்டம், தரநிலையை எழுதும் குழுவின் செயலகம் தன் குறிப்பை எழுத.

‘சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால் குழு தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சரிவு 1:12 (பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரம்) என்றால், சக்கர நாற்காலியும் ஆளுமாக 90 கிலோ எடையை மேலே தள்ள, உராய்வை விட்டுவிட்டாலும், சுமார் ஏழரைக் கிலோ எடையைத் தாங்கும் விசை வேண்டும், 1:15 என்றால் ஆறு கிலோ போதும். ஆகவே நீளமான சாய்தளங்களுக்கு 1:15 என்று மாற்றுங்கள். இதைக் குழு தட்டிக்கழிக்க முடியாது. ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டியிருக்கும். இங்கே ஒருமித்த முடிவு என்றால் எல்லாரும் கைதூக்குவது அல்ல, முக்கியமான விஷயத்தில் விடாப்பிடியான எதிர்ப்பு இல்லாமல் இருப்பது. அதனால் நூறு கையெழுத்தைவிட ஒரு நல்ல காரணத்துக்கு எடை அதிகம்.

ஆனால் நாற்காலியைத் தினமும் தள்ளுகிறவருக்கு வரி எண் எதற்குத் தெரிய வேண்டும்? அனுபவத்தைப் படிவத்தின் மொழிக்கு மாற்றும் வேலை, கருத்துக் கேட்கிற குழுவினருடையது. ‘எந்தச் சாய்தளத்தில் மூச்சு வாங்குகிறது?’ என்று கேட்டு, பதிலை உரிய பிரிவில் அவர்களே சேர்க்கலாம். கட்டங்களை ஒட்டி இணைத்த அட்டவணையில் திரைவாசிப்பு மென்பொருள் வழிதவறுவதும் உண்டு. பார்வையற்றோருக்கான விதியைப் பார்வையுள்ளவர் மட்டுமே திருத்தும்படி ஆகிவிடுகிறது, வேடிக்கைதான். வரைவை உரக்கப் படித்துக் காட்டி, சொல்வதைக் கட்டத்தில் தட்டச்சு செய்ய ஓர் ஆள் போதும். அவருக்கு மலாயோடு தமிழும் தெரிந்தால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலைப்பொழுதிலேயே நாலைந்து பக்கம் நிரம்பிவிடும்.