எந்தப் பிள்ளைக்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அலுவலகக் கணினியில் புது மின்னஞ்சலைத் திறந்து, 'டு' பெட்டியில் ஆங்கிலத்தில் பி, ஐ, எல் என்று மூன்று எழுத்தைத் தட்டிப் பாருங்கள். கீழே ஒரு பட்டியல் இறங்கும். பிள்ளை, பிள்ளை, மறுபடியும் பிள்ளை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ இருக்கும் நம் ஆட்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. 1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துசேர்ந்த பலருக்கும் சாதிப் பட்டமே நாளடைவில் குடும்பப் பெயராகிவிட்டது. பிள்ளை, நாயுடு, கோவெண்டர், மூட்லி, படையாச்சி, செட்டி, நாயக்கர் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களுக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடங்கிப்போயின. அச்சடித்த டெலிபோன் டைரக்டரி இருந்த காலத்தில் ஆளைத் தேட, பெயருக்கு அடுத்து தெருவைப் பார்ப்போம். மின்னஞ்சலில் தெரு என்றால் முகவரி; அதைத்தான் மின்னஞ்சல் நிரல்கள் மறைத்துவைக்கின்றன.

மின்னஞ்சலின் தலைப்பகுதியில் பெறுநரை இரண்டு துண்டாக எழுதுவார்கள். முதலில் காட்சிப் பெயர், அப்புறம் கோணக் குறிகளுக்குள் முகவரி. இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 விதிகளிலேயே இந்த அமைப்பு இருக்கிறது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322இலும் அதேதான். ஆனால் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் பெயருக்குப் பங்கே இல்லை. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் கடத்தும் முறையில் பேசும்போது, பெறுநரைச் சொல்லும் 'ஆர்சிபிடி டு' என்ற கட்டளையில் முகவரியை மட்டும்தான் கொடுக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் 'அன்புள்ள அத்தை' என்று போட்டாலும் கடிதம் சரியாகப் போய்ச் சேரும். முகவரியில் ஓர் எழுத்து பிசகினால் திரும்பி வரும். அல்லது, அதைவிட மோசம், வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும்.

சரி, அந்தக் காட்சிப் பெயர் எங்கிருந்து வருகிறது? உங்கள் முகவரிப் புத்தகத்தில் நீங்களே எழுதி வைத்திருக்கலாம். அலுவலக டைரக்டரியில் கணினிப் பிரிவு பதிந்ததாக இருக்கலாம். மூன்றாவது வழிதான் கவனிக்க வேண்டியது: உங்களுக்கு எழுதியவர் தன் நிரலின் அமைப்பில் தனக்கென்று என்ன பெயரைப் போட்டுக்கொண்டாரோ, அது அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. கோயில் பொருளாளரின் பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு மோசடிக்காரன் எழுதுகிறான் என்று வையுங்கள். நீங்கள் அசட்டையாக ஒரு பதில் போட்டுவிடுகிறீர்கள். நாம் யாருக்கு எழுதுகிறோமோ அவர்களைத் தானாகச் சேர்த்துவைப்பது நிரல்களின் வழக்கம். ஜிமெயில் 'மற்றத் தொடர்புகள்' என்ற பகுதியில் சேர்க்கும். தண்டர்பேர்டு 'சேகரித்த முகவரிகள்' என்று ஒரு தனிப் புத்தகமே வைத்திருக்கும். ஆக, அடுத்த மாதம் பொருளாளரின் பெயரைத் தட்டும்போது பட்டியலில் இரண்டு பொருளாளர்கள் நிற்பார்கள், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல.

இனி, தேடும் வேலை. பெரும்பாலான நிரல்கள் செய்வது முன்னொட்டுப் பொருத்தம்தான். நீங்கள் தட்டிய எழுத்துகளில் தொடங்கும் சொல் பெயரிலோ முகவரியிலோ இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கென்றே 'ட்ரை' என்ற ஒரு தரவு அமைப்பு உண்டு; 1960இல் எட்வர்ட் ஃப்ரெட்கின் இட்ட பெயர் அது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கிளை. 'பி'யிலிருந்து 'ஐ', அங்கிருந்து 'எல்' என்று இறங்கினால், அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் விடைகள். பட்டியலில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் மூன்று எழுத்துக்கு மூன்று படிதான் இறங்க வேண்டும். ஊழியர்களின் விவரங்களைச் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கும் அலுவலகங்களில், அரைகுறையாகத் தட்டிய பெயருக்கும் ஆளைக் கண்டுபிடிக்கும் ஏஎன்ஆர் என்ற தேடல் இருக்கிறது. இடையில் இடைவெளி விட்டு இரண்டு சொல் கொடுத்தால், முதல் சொல்லை இயற்பெயராகவும் இரண்டாவதைக் குடும்பப் பெயராகவும் வைத்துப் பார்க்கும், பிறகு மாற்றி வைத்தும் பார்க்கும். அதனால் முதலெழுத்தையும் 'பில்' என்பதையும் சேர்த்துத் தட்டுவது, வெறுமனே 'பில்' என்று தட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இதில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. பிள்ளையைச் சிலர் ஆங்கிலத்தில் 'ஒய்' போட்டு முடிப்பார்கள், சிலர் 'ஐ' போட்டு. முன்னொட்டுத் தேடலில் இது பெரிய சிக்கலில்லை, கடைசி எழுத்தில்தானே மாறுகிறது. கவுண்டர் என்ற ஒரே பட்டத்தின் இரண்டு வடிவங்களான கோவெண்டரும் கவுண்டனும் அப்படியல்ல. ஆங்கிலத்தில் ஜி, ஓ என்ற முதல் இரண்டு எழுத்தோடு பாதை பிரிந்துவிடும். ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் 'சவுண்டெக்ஸ்' முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பிள்ளையின் இரண்டு எழுத்துமுறைக்கும் பி400 என்ற ஒரே குறி வரும். கோவெண்டருக்கு ஜி153, கவுண்டனுக்கு ஜி535. அமெரிக்கப் பெயர்களை மனதில் வைத்துச் செய்த கருவிக்கு நம் ஊர் உறவுமுறை எப்படித் தெரியும்!

பெயரைத் தமிழிலேயே சேமித்திருப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கிறது. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஏகாரக் குறி ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலத்தான் தெரியும். தேடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்ற வேலையை நிரல் செய்யாவிட்டால், கோவிந்தன் கண்ணெதிரே இருந்தும் கிடைக்க மாட்டார்.

பொருந்தியவர்கள் இருபது பேர் என்றால், யாரை மேலே வைப்பது? இங்கேதான் நிரலின் மூளை இருக்கிறது. கூகுள் பொறியாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, ஒருவரோடு நமக்குள்ள நெருக்கத்தை அளக்க மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டது: எத்தனை கடிதம், எவ்வளவு சமீபத்தில், யார் யாருக்கு எழுதியது. வந்த கடிதத்தைவிட நாம் அனுப்பிய கடிதத்துக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொரு கடிதத்தின் மதிப்பும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே போகும். கணக்குக்காக அந்தக் காலத்தை 30 நாள் என்று வைப்போம். இன்று அனுப்பியதற்கு மதிப்பு 1. ஒரு மாதம் முன் அனுப்பியதற்கு அரை. இரண்டு மாதம் முன் என்றால் கால். 360 நாளுக்கு முன் ஒரு பிள்ளைக்குப் பத்துக் கடிதம் அனுப்பியிருந்தால், இன்று அவருடைய மொத்த மதிப்பு 10/4096, அதாவது 0.0024. நேற்று நாம் ஒரே ஒரு கடிதம் எழுதிய பல் டாக்டர் பிள்ளைக்கோ கிட்டத்தட்ட 1. போன தைப்பூசத்தில் காவடிக் குழு விஷயமாக நாம் நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை கீழே போய்விட, பல் டாக்டர் முதலிடத்தில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். பெயர்கள் பலவகையாக இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு அருமையாக வேலை செய்யும். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் ஊரில், வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் ஆளை அது ஒளித்துவைத்துவிடும்.

இன்னொரு கண்ணி, நேரம் சம்பந்தப்பட்டது. உங்கள் கணினியிலேயே இருக்கும் பட்டியல் உடனே வந்துவிடும். சர்வரிலிருந்து வர வேண்டிய பெயர்கள் சற்றுப் பிந்தி வரும். வந்ததும் சில நிரல்கள் பட்டியலை மறுபடி அடுக்கும். இரண்டாவது வரியைப் பார்த்து விரலை இறக்குகிறீர்கள். அந்தக் கண நேரத்தில் இரண்டாவது வரியில் வேறு ஆள். பட்டியலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் டேப்போ எண்டரோ அடித்து முதல் ஆளை ஏற்றுக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கோபம் மூட்டுவது. பட்டியலில் பெயருக்குக் கீழே முகவரியையும் காட்டிய ஜிமெயில், ஆளைத் தேர்ந்தெடுத்ததும் முகவரியை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் ஒரு சின்ன வில்லையாக நிறுத்துகிறது. முகவரி வேண்டுமானால் கர்சரை அதன்மேல் கொண்டுபோக வேண்டும். அவுட்லுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் பழைய பதிப்புகள் ஒரே நிறுவனத்து ஆட்களைப் பட்டியலிலேயே வெறும் பெயராகக் காட்டின. ஆப்பிள் மெயிலும் முகவரியை மறைக்கும், ஆனால் 'ஸ்மார்ட் அட்ரஸ்' என்ற அமைப்பை அணைத்தால் முழு முகவரியும் தெரியும். தண்டர்பேர்டு வில்லைக்குள்ளேயே பெயரையும் முகவரியையும் சேர்த்து எழுதுகிறது. அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் நம் ஊருக்கு அதுதான் சரி. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மட்டுமாவது முகவரியைக் காட்டு என்று நிரலுக்குச் சொல்வது அப்படியொன்றும் பெரிய கணிதமில்லை.

ஜிமெயில் 2009இல் சோதனை முயற்சியாக ஒரு வசதியைக் கொண்டுவந்தது. நீங்கள் வழக்கமாகச் சேர்த்து எழுதும் குழுவில் ஒட்டாத ஒருவர் நுழைந்தால், 'தப்பான பாப்-ஐப் போட்டுவிட்டீர்களா?' என்று கேட்கும். நல்ல யோசனை. பாப் என்ற சாதாரண ஆங்கிலப் பெயர் இருக்கும் இடத்தில் பிள்ளையைப் போட்டால் டர்பனுக்கே தைத்த சட்டை. அது பெயரைப் பார்ப்பதில்லை, யார் யாரோடு சேர்ந்து வருகிறார்கள் என்பதைப் பார்க்கிறது. ஆகவே காவடிக் குழுவினர் நடுவே பல் டாக்டர் வந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். ஒருவருக்கு மட்டும் எழுதும் கடிதத்தில் ஒப்பிடக் குழு இல்லாததால் அது உதவாது.

தப்பாகப் போன கடிதம் தென்னாப்பிரிக்காவில் வெறும் சங்கடத்தோடு முடியாது. 'போப்பியா' என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒருவருடைய சம்பளச் சீட்டோ மருத்துவ அறிக்கையோ உரிமையில்லாதவர் கைக்குப் போனால், அனுப்பிய நிறுவனம் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டிவரும்.

கையில் இருக்கும் வசதிகள் சில. ஜிமெயிலில் 'அனுப்பியதைத் திரும்பப் பெறு' நேரத்தை 30 விநாடி வரை நீட்டிக்கலாம். அதே அமைப்புகளில், எழுதியவர்களையெல்லாம் தானாகச் சேர்ப்பதை நிறுத்தும் தெரிவும் இருக்கிறது. அவுட்லுக்கில் வேண்டாத பெயரின் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் அது பட்டியலிலிருந்து போய்விடும். வேலையை விட்டுப் போனவர்களின் பழைய முகவரிகளையும் இப்படியே கழித்துவிடலாம். வீட்டு முகவரிப் புத்தகத்தில் பெயரோடு ஓர் அடையாளத்தைச் சேர்த்து, 'பிள்ளை பல் டாக்டர்', 'பிள்ளை காவடி' என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்கள் அனுப்பும் கடிதத்தின் தலைப்பகுதியில் அந்தப் பெயரே போகும், அவரும் படிப்பார். அதனால் கிண்டலான அடையாளம் வேண்டாம். அலுவலகத்தில் என்றால் கணினிப் பிரிவைக் கேட்டு, டைரக்டரியின் காட்சிப் பெயரிலேயே துறையைச் சேர்க்கச் சொல்லலாம். அப்போது வில்லைக்குள்ளேயே 'பிள்ளை, கணக்குப் பிரிவு' என்று தெரியும்.