டெஸ்டரை வைத்து ஸ்க்ரூ முறுக்காதீர்கள்

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் நேற்று கீசரின் எம்சிபியை, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சை, திறந்தேன். வயரை ஸ்க்ரூ வைத்து இறுக்கும் டெர்மினலுக்குப் போகும் வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குக் கருகிச் சுருண்டிருந்தது. ஸ்க்ரூ தலையில் பிளஸ் குறி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. "போன மாசம் நான்தான் அண்ணே மாட்டுனேன். டெஸ்டர வச்சு நல்லா முறுக்கிதான் விட்டேன்" என்றார் அந்த வீட்டுத் தம்பி. முனை வழுக்கிச் சுற்றியதை ஸ்க்ரூ இறுகிவிட்டதாக நினைத்துவிட்டார்.

இந்த மழைக்காலத்தில் நான் பார்க்கும் நான்காவது வீடு இது. 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லூஸ் கனெக்‌ஷனில் அது வயரைச் சூடாக்கிக் கருக்கிவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்டர் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவி. முனை மெலிது. அதை வைத்து முறுக்கினால் ஸ்க்ரூவும் கெடும், டெஸ்டரின் கைப்பிடியும் விரிசல் விடும். விரிசல் விட்ட டெஸ்டரை லைனில் வைத்துப் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"சரி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டேன், எல்லா ஸ்டாரும் ஒண்ணுதானே?" இதைக் கேட்கும்போதுதான் பொறுமை போய்விடுகிறது. ஒன்றில்லை. நாம் ஸ்டார் என்று சொல்வது பெரும்பாலும் பிலிப்ஸ். அதிலேயே 0, 1, 2, 3 என்று அளவுகள் உண்டு; தண்டிலோ கைப்பிடியிலோ போட்டிருக்கும். 2-ஆம் எண் உட்கார வேண்டிய குழியில் 1-ஐ விட்டால் உள்ளே ஆடும், பாரம் வந்ததும் மேலே ஏறி வழுக்கும். இன்னொரு வகை போசிட்ரைவ். அதன் தலையில் பிளஸ்ஸின் நான்கு கைகளுக்கு இடையே மெல்லிய கோடுகள் தெரியும். பிலிப்ஸின் முனை கூராகச் சரிந்து போகும், இதன் பக்கங்கள் அப்படிச் சரியாது. ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போட்டால் ஓரங்களில் மட்டும்தான் பிடிக்கும். எம்சிபி டெர்மினல்களில் பல, மைனஸும் (ஒற்றைப் பள்ளம்) போசிட்ரைவும் சேர்ந்த தலை. அதற்குரிய 2-ஆம் எண் ஒன்று வாங்கி வையுங்கள்.

முறுக்கும் முன் முனையைத் தலையில் நேராக வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அளவு தப்பு. மைனஸ் என்றால் முனை பள்ளத்தை நீளத்திலும் கனத்திலும் நிரப்ப வேண்டும். திருப்பும் பலத்தைவிட அழுத்தும் பலம் கூட இருக்கட்டும். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். கடலோர வீடுகளில் இன்னொன்று: வெளியே மாட்டும் பெட்டிகளுக்கு இரும்பு ஸ்க்ரூ போடாதீர்கள். உப்புக்காற்றில் துரு ஏறிய தலையில் எந்த ஸ்க்ரூடிரைவரும் உட்காராது.

தலை ஏற்கெனவே மழுங்கியிருக்கிறதா? அலமாரி, கதவு என்றால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள், பல நேரம் வந்துவிடும். கரண்ட் ஓடும் டெர்மினலில் அந்த வித்தை வேண்டவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுப் பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து எம்சிபியை மாற்றும்வரை, தயவுசெய்து, கீசரைப் போடாதீர்கள்.